குப்பனூர் வழியில் ஒரு சோதனைச்சாவடி: விர்ச்சுவல் மெஷினுக்குக் கார்டைக் கொடுக்கும் முன்

அக்கா மகன் போன வாரம் கண்ணங்குறிச்சி வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு நெட்வொர்க் கார்டை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்துடலாம்னு படிச்சேங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஏழெட்டு வேலை பண்ணச் சொல்றாங்க. பயாஸ்ல ஒண்ணு ஆன் பண்ணணும், குரூப் பார்க்கணும், டிரைவர் மாத்தணும். ஒண்ணொண்ணும் எதுக்குன்னே தெரியலைங்க" என்றான்.

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஏழெட்டு வேலையையும் யாரோ எழுதி வைத்ததைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம், பெரும்பாலும் வேலையும் செய்யும். வேலை செய்யாத அன்றைக்குத்தான் எங்கே கை வைப்பது என்று தெரியாது. உண்மையில் அத்தனை வேலைக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தச் சாதனம் ராமில் எந்த இடத்தைத் தொடலாம்? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும். அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். வெளியே இருக்கும் நிஜ மெஷினை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதைக் கெஸ்ட் என்றும் சொல்கிறேன். பேசுவது லினக்ஸ் கெர்னலைப் பற்றி, அதாவது ஹார்டுவேரை நேரடியாகக் கையாளும் லினக்ஸின் மையப் பகுதியைப் பற்றி.

பழைய எண், புதிய எண்

நம் ஊர்த் தெருக்களில் பல வீட்டுக் கதவுகளில் இரண்டு எண் இருக்கும். பழைய எண் 12, புதிய எண் 27 என்று. தெருவிலேயே இருப்பவர்கள் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். புதிதாக வந்த தபால்காரருக்குப் புதிய எண்தான் தெரியும். யாராவது பழைய எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் அது வேறு யாரோ வீட்டுக்குப் போய்ச் சேரும். எண் தப்பில்லை, வீடுதான் தப்பு.

கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவில் இதேதான் நடக்கிறது. கெஸ்டுக்கு 4 ஜிபி ராம் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் ராம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக நினைத்து எண்ணும். ஹோஸ்டில் அந்த 4 ஜிபி ஒரே இடத்தில் இருக்காது. 4 கேபி அளவுள்ள துண்டு துண்டாக, எங்கே காலி இருந்ததோ அங்கெல்லாம் சிதறிக் கிடக்கும். இந்தத் துண்டைப் பேஜ் என்பார்கள். ஒரு பேஜில் 4,096 பைட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெஸ்டின் 500-ஆம் பேஜ், ஹோஸ்டின் நிஜ ராமில் 81,240-ஆம் பேஜில் இருக்கிறது என்போம். கெஸ்ட் தன் கணக்கில் 20,48,064 என்ற முகவரியைத் தொடுகிறது. 500-ஐ 4,096-ஆல் பெருக்கினால் 20,48,000. ஆக, 500-ஆம் பேஜுக்குள் 64-ஆவது பைட். ஹோஸ்டில் அது 81,240 பெருக்கல் 4,096, அதாவது 33,27,59,040, அதோடு 64 கூட்டினால் 33,27,59,104. பேஜ் எண்தான் மாறியது, உள்ளே இருக்கும் 64 மாறவில்லை. வீட்டு எண் மாறினாலும் சமையலறை அதே இடத்தில்தானே இருக்கிறது.

இந்த மாற்றலை ஒவ்வொரு தடவையும் செய்வது பிராசசருக்குள் இருக்கும் எம்எம்யூ. அதன் கையில் பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று ஒரு அட்டவணை உண்டு. விர்ச்சுவல் மெஷினுக்கான இந்த இரண்டாம் அடுக்கு அட்டவணையை இன்டெல் இபிடி என்றும் ஏஎம்டி என்பிடி என்றும் அழைக்கின்றன. அட்டவணையை எழுதுவது ஹோஸ்ட் கெர்னலில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பகுதியான கேவிஎம். அட்டவணையில் இல்லாத முகவரியைக் கெஸ்ட் தொட்டால் பிராசசர் அங்கேயே நின்று ஹோஸ்டைக் கூப்பிடும். அதனால் ஒரு கெஸ்ட் அடுத்த கெஸ்டின் ராமை எட்டிப் பார்க்க முடியாது. 2007-இல் கெர்னலின் 2.6.20 பதிப்பில் கேவிஎம் வந்தது. அப்போதிலிருந்து லினக்ஸில் இந்தப் பக்கம் பூட்டியே இருக்கிறது.

இதுவரை பேசியது பிராசசர் வழியாகப் போகும் போக்குவரத்து மட்டும்.

மலைக்கு இன்னொரு வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எல்லாரும் போகும் வழி அடிவாரம் வழி, 20 கொண்டை ஊசி வளைவு. இன்னொரு வழி குப்பனூர் பக்கமாக ஏறுகிறது. அடிவாரத்தில் மட்டும் சோதனைச்சாவடி வைத்து ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்க்கிறோம், குப்பனூர் வழியில் யாருமே இல்லை என்று கற்பனை செய்யுங்கள். மலையில் யார் இருக்கிறார்கள் என்று அடிவாரத்துப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ராமுக்கும் அப்படி இன்னொரு வழி உண்டு, அதற்குப் பெயர் டிஎம்ஏ. நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பாக்கெட் வருகிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் பிராசசர் கையில் எடுத்து ராமில் வைத்துக்கொண்டிருந்தால் வேறு வேலையே ஓடாது. ஆகவே கார்டை ஓட்டும் புரோகிராமான டிரைவர் முன்கூட்டியே கார்டிடம், "இந்த முகவரியில் இடம் காலியாக இருக்கிறது, பாக்கெட் வந்தால் நீயே அங்கே எழுதிவிடு" என்று சொல்லி வைக்கும். கார்டு தானே எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்று ஒரு மணி அடிக்கும். டிஸ்க் கன்ட்ரோலர், கிராஃபிக்ஸ் கார்டு, யூஎஸ்பி கன்ட்ரோலர் எல்லாம் இப்படித்தான். இந்தப் போக்குவரத்து எம்எம்யூ பக்கமே வராது.

இப்போது கார்டைக் கெஸ்டிடம் கொடுத்துவிட்டோம். கெஸ்டில் இருக்கும் டிரைவர் தனக்குத் தெரிந்த எண்ணைத்தானே சொல்லும்? "20,48,064-இல் எழுது" என்று கார்டிடம் சொல்கிறது. கார்டுக்குப் பழைய எண், புதிய எண் எதுவும் தெரியாது. நேராகப் போய் நிஜ ராமின் 20,48,064-இல் எழுதிவிடும். அங்கே ஹோஸ்ட் கெர்னலின் தரவு இருக்கலாம், அடுத்த கெஸ்டின் தரவும் இருக்கலாம். கெஸ்ட் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்ன முகவரிதான், ஆனாலும் ஹோஸ்ட் விழுந்துவிடும். கெஸ்ட் கெட்ட எண்ணத்தோடு சொன்னால்? கார்டு மூலமாக ஹோஸ்டின் ராம் முழுவதையும் படித்துவிடலாம்.

குப்பனூர் வழியில் வைக்கும் அந்தச் சோதனைச்சாவடிதான் ஐஓஎம்எம்யூ. சாதனங்களுக்கும் ராமுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் கையிலும் ஒரு அட்டவணை. "இந்தக் கார்டு 500-ஆம் பேஜ் என்று கேட்டால் 81,240-க்கு அனுப்பு. அட்டவணையில் இல்லாததைக் கேட்டால் விடாதே, பதிவேட்டில் எழுது." இன்டெல் இதற்கு விடி-டி என்று பெயர் வைத்திருக்கிறது. ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ, ஆர்ம் பக்கம் எஸ்எம்எம்யூ.

மெஷின் துவங்கும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புத் திரையில் இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. விடி-எக்ஸ் என்பது பிராசசர் வழிக்கு, விடி-டி என்பது சாதன வழிக்கு. முதலாவதை மட்டும் ஆன் செய்தாலே விர்ச்சுவல் மெஷின் நன்றாக ஓடும். அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். கார்டைக் கொடுக்க இரண்டாவதும் வேண்டும். அதோடு இன்டெல் மெஷின்களில் பல லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்கள் இதைத் தானாக இயக்காது. கெர்னல் துவங்கும்போது கொடுக்கும் வரியில் இன்டெல், அடிக்கோடு, ஐஓஎம்எம்யூ, சமக்குறி, ஆன் என்று நாமே சேர்க்க வேண்டும். ஏஎம்டியில் பயாஸில் திறந்திருந்தால் கெர்னல் தானே எடுத்துக்கொள்ளும்.

குரூப் ஏன் பார்க்க வேண்டும்

இதில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன், அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

ஐஓஎம்எம்யூவுக்கு யார் கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? போர்டில் பிசிஐ என்ற பாதையில் இணையும் சாதனம் ஒவ்வொன்றுக்கும் பஸ், டிவைஸ், ஃபங்ஷன் என்று மூன்று பகுதி கொண்ட ஒரு எண் உண்டு. 03:00.0 என்பது போல. ராமைக் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த எண் வண்டிப் பலகை மாதிரி ஒட்டியிருக்கும். சாவடி அதைப் பார்த்து எந்த அட்டவணை என்று தேர்ந்தெடுக்கும்.

ஆனால் இரண்டு சிக்கல். இரண்டு பாதைகளை இணைக்கும் பழைய வகைப் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்கள் எல்லாம் ஒரே பலகையோடு வரும், யார் எவர் என்று பிரிக்க முடியாது. இன்னொன்று, ஒரே சுவிட்சுக்குக் கீழே இருக்கும் இரண்டு சாதனங்கள் மேலே சாவடி வரைக்கும் வராமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போட்டுக்கொண்டது போல. அந்தப் பாதையை அடைத்து, எல்லாரும் மேலே வந்துதான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வசதிக்குப் பெயர் ஏசிஎஸ். அது இருக்கும் போர்டும் உண்டு, இல்லாத போர்டும் உண்டு.

ஆகவே கெர்னல் நேர்மையாக ஒரு முடிவு எடுக்கிறது. எந்தெந்தச் சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று நிச்சயமாகப் பிரித்து வைக்க முடியாதோ, அவற்றை ஒரே ஐஓஎம்எம்யூ குரூப்பில் போட்டுவிடுகிறது. கொடுத்தால் குரூப்பை மொத்தமாகக் கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே. கிராஃபிக்ஸ் கார்டோடு அதன் ஆடியோ பகுதியும் சேர்ந்து வருவது இதனால்தான். நடுவில் இருக்கும் பிரிட்ஜ்களைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம்.

சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் 16 ஜிபி ராம் உள்ள ஒரே சர்வர். அதில் ஒரு கெஸ்டில் கணக்கு, இன்னொரு கெஸ்டில் ஃபயர்வால். வெளியிலிருந்து இணைய வயர் வரும் நெட்வொர்க் கார்டை ஃபயர்வால் கெஸ்டுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விர்ச்சுவல் மெஷினை இயக்கியதும் அந்தக் குரூப் ஏற்கத்தக்கதாக இல்லை, குரூப்பில் இருக்கும் எல்லாச் சாதனங்களையும் விஎஃப்ஐஓவில் கட்டுங்கள் என்று பிழை வந்தது. விஎஃப்ஐஓ என்பது கெஸ்டுக்குக் கொடுக்க வேண்டிய சாதனத்தைப் பிடித்து வைக்கும் கெர்னல் பகுதி, பின்னால் விரிவாக வருகிறது. குரூப்பைத் திறந்து பார்த்தேன். கார்டோடு, டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரும் இருந்தது. எல்லாவற்றையும் கட்டு என்றுதானே சொல்கிறது என்று அதையும் கழற்றிக் கட்டினேன். ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கே அந்தக் கன்ட்ரோலரில்தான் இருந்தது. அடுத்து எந்தக் கட்டளை அடித்தாலும் இன்புட் அவுட்புட் எர்ரர். மெஷினை அணைத்துப் போட்டு, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து, கணக்கு ஃபைல்கள் முழுசாக இருக்கின்றன என்று பார்த்து முடிக்கும் வரை எனக்கு உயிரே இல்லை.

தீர்வு ரொம்பச் சின்னது. கார்டைக் கழற்றிப் பிராசசரோடு நேராக இணையும் ஸ்லாட்டில் செருகினேன். தனிக் குரூப் ஆகிவிட்டது. முன்பு இருந்த ஸ்லாட், போர்டில் இருக்கும் சிப்செட் என்ற துணைச் சிப் வழியாகப் போவது.

குரூப்பைப் பலவந்தமாக உடைக்க ஒரு பேட்ச், அதாவது கெர்னலின் கோடில் செய்யும் ஒரு திருத்தம், உலவுகிறது. அதிகாரப்பூர்வக் கெர்னலில் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒற்றையடிப் பாதை அப்படியே இருக்க, அது இல்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதுதான் அந்தப் பேட்ச். வீட்டில் விளையாட்டுக்கு ஓடும் மெஷினில் அவரவர் விருப்பம். மற்றவர்களின் கணக்கு இருக்கும் மெஷினில் நான் போடமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

சரி, குரூப்புகளை எங்கே பார்ப்பது? சிஸ் என்ற கோப்பகத்துக்குள் கெர்னல், அதற்குள் ஐஓஎம்எம்யூ குரூப்ஸ். அங்கே எண் எண்ணாகக் கோப்பகங்கள் இருக்கும். காலியாக இருந்தால் ஐஓஎம்எம்யூவே இயங்கவில்லை என்று அர்த்தம், பயாஸுக்குத் திரும்பிப் போங்கள்.

டிரைவரை மாற்றுவது

ஹோஸ்ட் துவங்கியதும் கார்டைத் தன் வழக்கமான டிரைவரிடம் ஒப்படைத்துவிடும். ஒரே கார்டை ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. அதனால் அதைக் கழற்றி விஎஃப்ஐஓ-பிசிஐ என்ற டிரைவரிடம் கொடுக்கிறோம். இந்த டிரைவர் கார்டை ஓட்டாது, பத்திரமாகப் பிடித்து வைத்திருந்து கேட்கும் புரோகிராமுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கெர்னலில் விஎஃப்ஐஓ 2012-இல், 3.6 பதிப்பில் வந்தது. 2023-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து, அட்டவணை எழுதும் வேலையைத் தனியாகப் பிரித்துச் செய்யும் ஐஓஎம்எம்யூ-எஃப்டி என்ற புதிய அமைப்பும் இருக்கிறது. முதன்முதலாகக் கற்பவருக்கு இரண்டுக்கும் கருத்து ஒன்றுதான்.

எந்தக் கார்டு என்று அடையாளம் சொல்லத் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்ற ஜோடி வேண்டும். இன்டெல் சாதனங்களின் தயாரிப்பாளர் எண் 8086. அந்தப் பழைய பிராசசரின் பெயர்தான், பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். ஒரே மாதிரிக் கார்டு இரண்டு இருந்தால் ஜோடி எண்ணும் ஒன்றாகவே இருக்கும், இரண்டையும் விஎஃப்ஐஓ எடுத்துக்கொள்ளும். அப்போது 03:00.0 மாதிரியான இட எண்ணைச் சொல்ல வேண்டும்.

ராம் ஏன் மொத்தமாகப் போய்விடுகிறது

அக்கா மகன் கேட்ட இன்னொரு கேள்வி இது. "கெஸ்ட் உள்ள ஒரு ஜிபிகூட யூஸ் பண்ணலைங்க மாமா. ஆனா ஹோஸ்ட்ல 4 ஜிபியும் போயிடுச்சு. கார்டு கொடுக்காம ஓட்டினா அப்படி ஆகலைங்களே?"

சாதாரணமாகக் கெஸ்ட் ஒரு பேஜை முதன்முதலில் தொடும்போதுதான் ஹோஸ்ட் நிஜ ராமை எடுத்துக் கொடுக்கும். பிராசசர் நின்று காத்திருக்கும், ஹோஸ்ட் இடம் தேடிக் கொடுக்கும், அப்புறம் ஓட்டம் தொடரும். பயன்படாத பேஜை டிஸ்க்குக்குத் தள்ளிவிடவும் செய்யலாம். ஆனால் பெரும்பாலான கார்டுகளுக்குக் காத்திருக்கத் தெரியாது. பாக்கெட் வந்துவிட்டது, எழுதியாக வேண்டும். அந்த நேரம் பேஜ் இடத்தில் இல்லை என்றால் பாக்கெட் போச்சு. அதோடு, கெஸ்ட் தன் ராமில் எந்த மூலையைக் கார்டுக்குக் காட்டும் என்று ஹோஸ்டுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே கெஸ்டை இயக்கும் கியூஎமு, விஎஃப்ஐஓவிடம் கெஸ்டின் ராம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. கெர்னல் ஒவ்வொரு பேஜையும் அதன் இடத்தில் ஆணி அடித்தது போல் நிறுத்தி, ஐஓஎம்எம்யூ அட்டவணையில் எழுதுகிறது. 4 ஜிபிக்கு 10,48,576 பேஜ். இதற்குப் பின்னிங் என்று பெயர்.

பின் செய்த பேஜை நகர்த்த முடியாது, டிஸ்க்குக்குத் தள்ளவும் முடியாது. கெஸ்டிடமிருந்து ராமைத் திரும்ப வாங்கும் பலூன் வசதியும் வேலை செய்யாது. 16 ஜிபி ஹோஸ்டில் 8 ஜிபி கெஸ்ட் இரண்டுக்குக் கார்டு கொடுத்தால் ஹோஸ்டுக்கே மூச்சுவிட இடம் இருக்காது. கியூஎமுவைச் சாதாரணப் பயனராகக் கையால் இயக்கி, நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வந்தால், ராம் தீர்ந்துவிட்டது என்று ஓடாதீர்கள். ஒரு பயனர் எவ்வளவு ராமைப் பூட்டி வைக்கலாம் என்ற வரம்பு குறைவாக இருக்கும். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக இயக்கினால் அதுவே வரம்பை உயர்த்திவிடும்.

4 கேபிக்குப் பதில் 2 எம்பி பெரிய பேஜாகக் கொடுத்தால் அதே 4 ஜிபிக்கு 2,048 வரி போதும். சாவடிக்கு அட்டவணையைப் புரட்டும் வேலை குறையும். வேகமான கார்டுகளில் வித்தியாசம் தெரியும்.

மணி அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதியாயிற்று என்று கார்டு அடிக்கும் மணியும் ராமில் எழுதுவது போன்ற ஒரு எழுத்துதான். இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே அதற்கென்று ஒதுக்கிய முகவரியில் எழுதினால் அது பிராசசருக்கு மணியாகப் போகும். இதையும் சரிபார்க்காமல் விட்டால் கெஸ்ட் பொய் மணி அடித்து ஹோஸ்டைக் குழப்பலாம். அதற்கான சோதனை இல்லாத பழைய மெஷின்களில் விஎஃப்ஐஓ மறுத்துவிடும். மறுப்பை மீற ஒரு அமைப்பு இருக்கிறது, அதன் பெயரிலேயே பாதுகாப்பற்றது என்று எழுதியிருக்கிறார்கள்.

இத்தனையும் எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டாம். கணக்கு ஓடும் கெஸ்டுக்கு விர்ட்ஐஓ நெட்வொர்க்கே தாராளம். அதில் கெஸ்டுக்கு நிஜக் கார்டு போவதில்லை. பாக்கெட்டை ஹோஸ்டே எடுத்துக் கெஸ்டின் ராமில் வைக்கிறது, ஆகவே குப்பனூர் வழிப் பேச்சே இல்லை. ஃபயர்வால், கிராஃபிக்ஸ் கார்டு, பத்து ஜிகாபிட் நெட்வொர்க் என்று வந்தால்தான் கார்டையே கொடுப்பது பயன் தரும்.

சாவடியின் பதிவேடு

அந்தக் கொலுசுப் பட்டறைச் சர்வரில் பின்னொரு நாள் கெர்னல் பதிவில் டிமார் என்று தொடங்கும் வரிகள் நிறைய வந்தன. இன்டெல் ஐஓஎம்எம்யூ தடுத்த கோரிக்கைகளை அந்தப் பெயரில்தான் கெர்னல் எழுதும். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சாதனம், படிக்கக் கேட்டதா எழுதக் கேட்டதா, எந்த முகவரி என்று இருக்கும். சாதனம் ஃபயர்வாலுக்குக் கொடுத்த கார்டு. முகவரி 9 ஜிபிக்குப் பக்கத்தில். ஹோஸ்டில் 16 ஜிபி இருக்கிறதே, 9 ஜிபியில் அப்படி என்ன இருக்கிறது என்று ஹோஸ்டின் ராம் வரைபடத்தை அரை நாள் புரட்டினேன்.

அந்த எண் ஹோஸ்டின் எண்ணே கிடையாது. கார்டு கேட்டது கெஸ்டின் கணக்கில், அதாவது பழைய எண்ணில். சாவடி பதிவேட்டில் எழுதுவது கேட்ட எண்ணைத்தான். கெஸ்டுக்கு இருந்ததோ 4 ஜிபி ராம், 9 ஜிபியில் அதற்கு வீடே இல்லை. முந்தைய நாள் கெஸ்டுக்குள் புதுப்பித்த நெட்வொர்க் டிரைவர் தப்பான முகவரியைக் கார்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டதும் வரிகள் நின்றன. அதுவரை அந்த எழுத்துகளில் ஒன்றுகூடப் பக்கத்துக் கெஸ்டில் இருந்த கணக்கைத் தொடவில்லை.